மறு: ஆல்பத்துக்குத் தமிழ் - 'தொகுப்பு' போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

> தொகுப்பு என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். அதை ஏன் மறுபடி கிளற வேண்டும்?

கிளற வேண்டியிருக்கிறது ஐயா. பாட்டுச் செயலியின் தமிழாக்கத்தை நேற்று இரவு முடித்து, போனில் ஏற்றிப் பார்த்தேன். ஒரு பொத்தானில் "தொகுப்பைத் தொகுப்பில் சேர்" என்று நிற்கிறது. முதல் தொகுப்பு ஆல்பம். இரண்டாவது, நாம் சேர்த்து வைத்திருக்கும் மொத்தச் சேகரம். அதற்குக் கீழே "தொகுப்புகள்": பல பேர் பாட்டைப் பொறுக்கிப் போட்ட கம்பைலேஷன். ஓரத்தில், விக்கிப்பீடியாவில் பழகிய கையோடு யாரோ புண்ணியவான் எடிட்டுக்கு வைத்த "தொகு". ஒரே திரையில் நான்கு!

> ஆல்பம் என்றே விட்டுவிடலாமே அண்ணா, யாருக்குப் புரியாது?

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் தமிழில் அந்தச் சொல் வேறு பக்கம் போய்விட்டது. 'ஆல்பம் பாட்டு' என்றால் படத்தில் வராத ஒற்றைப் பாட்டு. 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' ஒரே ஒரு பாட்டுதான், அதையும் ஆல்பம் என்றுதான் பேசினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி, அந்த வாரம் கேட்கும் ஆல்பத்தைப் போட்டுக் காட்டுவோம். போன வாரம் புதிதாக வந்த பையனிடம் ஆல்பம் கொண்டு வா என்றால், மூன்று நிமிடப் பாட்டு ஒன்றின் லிங்க்கை அனுப்பினான். அவன் மேல் தப்பில்லை.

கல்யாண ஆல்பத்துக்கும் இதற்கும் ஒரே பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் பிடிக்கும். நீளமான இசை என்றால் நாலைந்து தட்டு வேண்டும். அவற்றைக் காகித உறைகளில் செருகி, அட்டை போட்டுப் புத்தகம் மாதிரி கட்டி விற்றார்கள். போட்டோ ஆல்பம் போலவே இருந்ததால் அந்தப் பெயர். 1948இல் எல்.பி. என்ற நீண்ட நேரத் தட்டு வந்து, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியதும் ஒரே தட்டு போதும் என்றானது. புத்தகம் போயிற்று, பெயர் நின்றது.

கையில் பிடிக்கும் பொருளை வைத்துப் பெயர் வைத்தால் இதுதான் கதி. இங்கே கன்னடத்தில் பட இசை வெளியீட்டுக்கு 'த்வனிசுருளி' என்பார்கள். சுருள் நாடா போய் எத்தனையோ வருடமாயிற்று. நம் ஒலிநாடாவும் குறுந்தகடும் அதே வழிதான்.

ஆக, பாட்டுகளை அடுக்கிய முறையைப் பெயர் சொல்ல வேண்டும். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை நான்காகப் பிரிக்கிறது: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. தனியாக நிற்கும் பாட்டு முத்தகம். பல பாட்டு சேர்ந்து ஒரே வினையில் முடிந்தால் குளகம். பலவற்றைத் திரட்டியது தொகை. ஒன்றையொன்று தொடர்ந்து வருவது தொடர்நிலை. கம்பைலேஷன் தொகை என்றால் ஆல்பம் தொடர்நிலைதானே? 'இசைத்தொடர்' என்றால் டிவி சீரியல் ஆகிவிடும். அதனால் என் பரிந்துரை: இசைக்கோவை, சுருக்கமாகக் கோவை. திருக்கோவையாரில் 400 பாட்டு. முதல் சந்திப்பிலிருந்து காதலின் கட்டங்கள், அதாவது துறைகள், வரிசையாக வருகின்றன. நடுவில் நாலை உருவினால் கதை அறுந்துவிடும். ஒழுங்காகச் செய்த ஆல்பமும் அப்படித்தான், ஷஃபிளில் போட்டால் செத்துப்போகும்.

ஆல்பத்துக்குப் 'பாட்டேடு' என்றும் வைக்கலாம், அழகான சொல்தான். ஆனால் இந்த வாரம் நான் கேட்பது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. அது வாத்திய இசை, அதில் பாட்டு எங்கே? (நம் சிக்கலுக்கு அதன் தலைப்பே போதும்.)

---

தம்பி,

கோவை சரி. ஆனால் பெங்களூரில் இருப்பவனுக்குக் கோவை என்றால் கோயம்புத்தூர் போகும் உதய் எக்ஸ்பிரஸ் ரயில்தான் ஞாபகம் வரும். "கோவை வாரியாக அடுக்கு" என்று போனில் வந்தால் நான் டிக்கெட் தேடுவேன்.

தொகை என்பதை இவ்வளவு லேசாகத் தள்ளவும் வேண்டாம். எட்டுத்தொகையில் பரிபாடலைப் பாருங்கள். பாடியவர் யார், இசை அமைத்தவர் யார், என்ன பண் என்று பெரும்பாலான பாட்டுக்குக் குறிப்பு இருக்கிறது. கண்ணனாகனார் இசை, பெட்டனாகனார் இசை என்று பெயரோடு. இதைவிட ஆல்பம் உறை வேண்டுமா?

---

ஐயா,

பரிபாடல் குறிப்பு எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அது என் பக்கம்தான் சாய்கிறது: பல புலவர், பல இசைக்காரர், அதனால்தான் அது தொகை.

ரயில் விஷயம் நியாயம். மெனுவில் 'இசைக்கோவை' என்று முழுதாக வைக்கிறேன். பொத்தானில் இடம் இல்லாத இடத்தில் மட்டும் 'கோவை'. கம்பைலேஷன் 'திரட்டு', நம் தனிப்பாடல் திரட்டு மாதிரி. ஒற்றைப் பாட்டு 'தனிப்பாட்டு'. நாலைந்து பாட்டு மட்டும் வரும் ஈ.பி.க்குக் 'குறுங்கோவை'. அந்தப் பொத்தான் இப்போது "இசைக்கோவையைச் சேகரத்தில் சேர்" என்றாகிறது. கொஞ்சம் நீளம், இரண்டு வரியாக மடங்குகிறது, ஆனால் புரிகிறது.

வெள்ளி இரவு கோப்பை ஏற்றுவேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். 'டிராக்'கை நான் தொடவில்லை, அதற்கு யாராவது தனி இழை தொடங்கினால் நல்லது.