ஒரே வயிறு, மூன்று தலை: முடி வித்தியாசம் பரம்பரையா, வளர்ப்பா?

சுருட்டைத்தலை:
எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். அண்ணனுக்கு நேரான மெல்லிய முடி. முப்பது வயது முடிவதற்குள் முன்நெற்றி ஏறிவிட்டது. எனக்குச் சீப்பை உடைக்கிற சுருட்டை. தங்கைக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் அலைமுடி, நல்ல அடர்த்தி. நிறமும் எங்கள் இருவரையும் விட வெளுப்பு. போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியம்மா, “மூணும் ஒரே வயிறா?” என்று கையில் காபி டம்ளரோடு சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். அம்மா அன்றிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அப்பா கட்சி: எல்லாம் தண்ணீரும் எண்ணெயும்தான். தங்கை சின்ன வயதில் ஆச்சியிடம் வளர்ந்தவள். அங்கே சீயக்காயும் வாய்க்கால் தண்ணீரும். நானும் அண்ணனும் சென்னையில் போர் தண்ணீரில் குளித்தவர்கள். பெரியப்பா கட்சி: ரத்தம். ரத்தம்தான் காரணம் என்றால் மூன்று பேருக்கும் ஒரே ரத்தம்தானே, ஏன் மூன்று விதமாக வந்தது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பம்புசெட்:
அப்பா சொல்வதுதான் சரி தம்பி. எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் குளித்த தலைமுறையையும், போர் போட்டு உப்புத் தண்ணீரை ஏற்றிய தலைமுறையையும் பக்கத்தில் நிறுத்தினால் முடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் அம்மாவுக்கு எழுபது வயதிலும் கொண்டை. என் மகளுக்கு ரப்பர் பேண்டு நிற்க மாட்டேன் என்கிறது. ஒரே வம்சம்தானே? மாறியது தண்ணீரும் சோறும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டுவிட்டு ஜீன் ஜீன் என்று பேசிப் பிரயோசனம் இல்லை.

விலங்கியல் டீச்சர்:
பம்புசெட் அண்ணே, கேள்வியை மறுபடி படியுங்கள். அவரும் அவர் அண்ணனும் ஒரே வீடு, ஒரே போர், ஒரே குழம்பு. ஒருவருக்கு நேர்முடி, ஒருவருக்குச் சுருட்டை. தண்ணீர் இருவருக்கும் பொது என்றால், இருவருக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு அது எப்படிக் காரணம் ஆகும்?

முடி சுருள்வதா நேராக வளர்வதா என்பது தோலுக்குள் இருக்கும் மயிர்க்கால் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நேராக இறங்கியிருந்தால் நேர்முடி. அடியில் வளைந்து, ஒரு பக்கம் கோணலாக இருந்தால் சுருட்டை. தண்ணீர் அங்கே போவதில்லை. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் வெளியே வளர்ந்துவிட்ட முடியின்மேல் படியும். முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், ஷாம்பு நுரைக்காது. அது உண்மைதான், நானும் அனுபவிக்கிறேன். ஆனால் நேர்முடியை அது சுருட்டை ஆக்காது.

இனி சுருட்டைத்தலை தம்பியின் கேள்வி, ஒரே ரத்தம் ஏன் மூன்று விதம்? ஒரே ரத்தம் இல்லை என்பதுதான் பதில். அப்பாவிடம் ஜீன்களைச் சுமக்கும் ஒவ்வொரு குரோமோசோமும் ஜோடியாக இருக்கிறது; ஒன்று தாத்தா கொடுத்தது, ஒன்று பாட்டி கொடுத்தது. பிள்ளைக்குப் போவது ஜோடியில் ஒரு பங்கு. 23 ஜோடி என்பதால் அப்பா ஒருவரிடமிருந்து மட்டுமே 83 லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் வரலாம். அம்மா பக்கமும் அதே கணக்கு. நடுவில் ஜோடிகள் துண்டு துண்டாக மாற்றிக்கொள்வதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. உடன்பிறந்தவர்களுக்குப் பொதுவாக வரும் பங்கு சராசரியாகப் பாதிதான். அதுவும் எல்லாருக்கும் சரிபாதி இல்லை. 2006-இல் 4,401 ஜோடி உடன்பிறப்புகளை அளந்து பார்த்ததில் சில ஜோடிகளுக்கு 37 சதவீதம்தான் பொது, சில ஜோடிகளுக்கு 61-க்கும் மேல். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி அச்சு அசலாக இருப்பதும், பக்கத்து வீட்டில் அடையாளமே தெரியாமல் இருப்பதும் இதனால்தான்.

அம்பத்தூர் அத்தை:
டீச்சர் சொல்வது இருக்கட்டும். அந்தப் பெரியம்மாவுக்கு அன்றைக்கே யாராவது பதில் சொல்லியிருக்க வேண்டாமா? பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் அம்மாவையே கேள்வி கேட்கிற வாய். நான் இருந்திருந்தால் காபி டம்ளரைத் திரும்ப வாங்கியிருப்பேன்.

உண்மைவிளம்பி:
இவ்வளவு பேச்சு எதற்கு? டிஎன்ஏ டெஸ்ட் ஒன்று எடுத்தால் முடிந்தது. நிறமும் வேறு, முடியும் வேறு என்றால் சந்தேகம் வருவது இயல்புதானே.

விலங்கியல் டீச்சர்:
//நிறமும் வேறு, முடியும் வேறு என்றால் சந்தேகம் வருவது இயல்புதானே//

இயல்பு இல்லை. படிக்காததால் வருவது. நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எல்சி24ஏ5 என்று ஒரு ஜீன். 2005-இல் சீப்ரா மீனில் தொடங்கி மனிதத் தோல் வரைக்கும் கொண்டுவந்தார்கள். இதன் வெளுப்புத் தரும் வடிவம் ஐரோப்பாவில் அநேகமாக எல்லாரிடமும் இருக்கிறது. நம் நாட்டிலோ இரண்டு வடிவங்களும் கலந்து கிடக்கின்றன, தெற்கிலும்தான். அப்பாவிடம் இரண்டிலும் ஒவ்வொன்று, அம்மாவிடம் இரண்டிலும் ஒவ்வொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க இருவரும் மாநிறம். பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வெளுப்பு வடிவம் சேர நாலில் ஒரு வாய்ப்பு, இரண்டு கருப்பு வடிவம் சேர நாலில் ஒரு வாய்ப்பு, கலந்து வர நாலில் இரண்டு. இது ஒரு ஜீன் கணக்கு. நிறத்துக்கு இன்னும் பல உண்டு. பெற்றோரைவிட வெளுத்த பிள்ளையும் கறுத்த பிள்ளையும் ஒரே வீட்டில் பிறப்பதற்குக் குங்குமப்பூவும் வேண்டாம், உங்கள் சந்தேகமும் வேண்டாம்.

மட்டுறுத்துநர்:
உண்மைவிளம்பி, இதற்குப் பின் நீங்கள் எழுதிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. அடுத்தவர் அம்மாவைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

நடு பெஞ்ச்:
உண்மைவிளம்பியோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் டீச்சர் எல்லாவற்றையும் ஜீன் என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடுகிறார். அதில் எனக்கு இரண்டு இடிக்கிறது.

முதலில், சுருட்டை பரம்பரை என்பதற்குக் காட்டப்படும் பெரிய ஆதாரம் ஆஸ்திரேலியாவில் இரட்டையர்களிடம் செய்தது. வித்தியாசத்தில் 85 முதல் 95 சதவீதம் பரம்பரை என்றார்கள். சரி. அந்த 85-க்கு என்ன அர்த்தம்? ஏறக்குறைய ஒரே மாதிரி வசதியோடு, வயிறாரச் சாப்பிட்டு வளர்ந்த ஆட்களுக்குள் இருந்த வித்தியாசம். பட்டினியும் கடும் ரத்தசோகையும் இருக்கிற ஊரில் இதே கணக்கைப் போட்டால் முடியின் அடர்த்திக்கோ நிறத்துக்கோ இதே எண் வருமா? புரதச்சத்து இல்லாத குழந்தைகளுக்கு முடி செம்பட்டையாகி, தொட்டாலே கையோடு வரும். நல்ல சாப்பாடு கிடைத்ததும் அடியிலிருந்து கறுப்பு முளைக்கும். ஒரே முடியில் பட்டை பட்டையாகத் தெரியும். மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் விஷயம்தான். பம்புசெட் அண்ணன் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட முடியாது.

அடுத்தது வழுக்கை. 2017-இல் பிரிட்டனில் 52,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து ஆராய்ந்து, டிஎன்ஏவில் 287 இடங்கள் வழுக்கையோடு சம்பந்தப்பட்டவை என்றார்கள். இத்தனை இடம் கண்டுபிடித்த பிறகும் குறிப்பிட்ட ஒருவனுக்கு வழுக்கை விழுமா விழாதா என்று உறுதியாகச் சொல்ல அவர்களால் முடியவில்லை. அவர்களே ஒத்துக்கொண்டதுதான். முன்கூட்டிச் சொல்ல முடியாததை, நடந்த பிறகு “ஜீன்” என்பது ஜோசியக்காரர் வேலை இல்லையா?

விலங்கியல் டீச்சர்:
நல்ல கேள்விகள், நடு பெஞ்ச். முதலாவதில் பாதி உங்கள் பக்கம்தான். அடர்த்தியும் உதிர்வும் சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டவை; அதை நான் எங்கே மறுத்தேன்? வளைவைப் பற்றித்தான் சொன்னேன். பட்டினி கிடந்தவனின் முடி மெலியும், நிறம் மாறும். நீங்கள் சொன்ன செம்பட்டைக் குழந்தைகளுக்குச் சுருள் சற்றுத் தளர்வதுகூட உண்டு. ஆனால் இங்கே கேள்வி கேட்டவர் வீட்டில் யாரும் பட்டினி இல்லையே.

வழுக்கைக்கு வருவோம். அந்த 287-இல் 40 இடங்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து. அம்மாவிடமோ இரண்டு: அவருடைய அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. ஆண் ஹார்மோன் வேலை செய்ய வழிவிடும் ஆண்ட்ரோஜன் ஏற்பி ஜீன் அந்த எக்ஸில்தான் உட்கார்ந்திருக்கிறது. வழுக்கையில் அதற்குப் பெரிய பங்கு. மூத்தவனுக்கு ஒரு வடிவமும் இளையவனுக்கு இன்னொரு வடிவமும் போக வாய்ப்பு சரிபாதி. அண்ணன் தலை ஏறி, தம்பி தலை அப்படியே இருப்பதற்கு இது ஒன்றே போதும். “தாய்மாமன் தலையைப் பார்” என்று ஊரில் சொல்வதில் இவ்வளவு உண்மை உண்டு. முழு உண்மை இல்லை, மற்ற இடங்கள் அப்பா வழியிலும் வரும்.

முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்காகக் காரணம் இல்லை என்றாகிவிடாது. நாளை மறுநாள் மழை எந்தத் தெருவில் பெய்யும் என்று சொல்ல முடியவில்லை. அதற்காக மழை மேகத்திலிருந்து வரவில்லை என்போமா?

பம்புசெட்:
டீச்சர், பாட்டிமார் சொன்னதை எல்லாம் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாசமாக இருக்கும்போது நெஞ்சு எரிந்தால் பிள்ளைக்கு முடி ஜாஸ்தி என்பார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அமெரிக்காவில் 64 கர்ப்பிணிகளை வைத்துப் பார்த்தார்கள், 2006-இல். பொய் என்று நிரூபிக்கத்தான் போனார்கள் போல. கடைசியில் எரிச்சல் அதிகம் இருந்தவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு முடியும் அதிகம் என்று வந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

விலங்கியல் டீச்சர்:
உண்மை அண்ணே. எனக்கும் பிடித்த ஆராய்ச்சி அது. கர்ப்ப கால ஹார்மோன்களே இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். ஆனால் அது பிறந்த அன்று இருக்கும் முடி. முதல் சில மாதங்களில் அது கொட்டிவிடும். அதை வைத்து எதிர்காலம் சொல்ல முடியாது. மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். குலதெய்வத்துக்கு முடி இறக்குங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மழித்தால் முடி தடிக்காது என்று 1928-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். மழித்த முனை மழுங்கி இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவே.

நீங்கள் ஒன்று காட்டினீர்கள், நான் ஒன்று காட்டுகிறேன். சாலமன் தீவுகள். கருத்த தோல், ஆனால் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குப் பொன்னிற முடி. ஒரே வீட்டில் அக்காவுக்குக் கறுப்பு, தம்பிக்குப் பொன். இதற்கும் ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள்: வெயில், கடல் உப்பு, மீன் அதிகம் சாப்பிடுவது. வெள்ளைக்காரக் கப்பல்காரர்கள் என்று உண்மைவிளம்பி மாதிரி ஆட்கள் சொன்னார்கள். 2012-இல் பார்த்தால் டிஒய்ஆர்பி1 என்ற ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். ஐரோப்பாவில் பொன்முடி வருவது அதனால் இல்லை. இது அந்தப் பக்கத்துத் தீவுகளுக்கே உரியது. அப்பா அம்மா இருவரும் கறுப்பு முடியோடு இருந்து, ஆளுக்கு ஒரு பிரதியை ஒளித்து வைத்திருந்தால் பிள்ளைக்குப் பொன்முடி வரலாம். வெயிலும் மீனும் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒன்றுதான்.

நடு பெஞ்ச்:
அது ஒரு ஜீனில் முடிந்த கதை, அழகாகத்தான் இருக்கிறது. நம் சுருட்டைக்கு அப்படி ஒன்று காட்டுங்கள். ஐரோப்பியர்களுக்கு டிசிஹெச்ஹெச், கிழக்கு ஆசியர்களுக்கு ஈடிஏஆர் என்று இடத்துக்கு இடம் வேறு ஜீன் சொல்கிறார்கள். சங்கரன்கோவில் தலைக்கு எது?

விலங்கியல் டீச்சர்:
ஒரே ஜீன் காட்ட முடியாது. பல சேர்ந்து செய்வது. அதனால்தான் பிள்ளைகளிடம் நேர், அலை, சுருள் என்று படிப்படியாக இறங்குகிறது. பள்ளிப் பாடத்தில் வரும் பட்டாணிச் செடிக் கட்டத்தை முடிக்குப் போட்டால் கணக்கு உதைக்கும், உண்மை.

அம்பத்தூர் அத்தை:
தங்கையின் நீளத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே? நாங்கள் அக்கா தங்கை ஒரே எண்ணெய், ஒரே கை பின்னி விட்டது. அவளுக்கு முழங்கால் வரை, எனக்குத் தோளைத் தாண்டவில்லை.

விலங்கியல் டீச்சர்:
அத்தை, முடி வளரும் வேகம் எல்லாருக்கும் ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். ஒரு முடி உதிர்வதற்கு முன் எத்தனை வருடம் வளர்கிறது என்பதில்தான் வித்தியாசம். சிலருக்கு இரண்டு மூன்று வருடம், சிலருக்கு ஆறு வருடத்துக்கும் மேல். இரண்டு வருடம் என்றால் 24 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், எத்தனை லிட்டர் எண்ணெய் வைத்தாலும். அந்தக் காலக்கெடு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது.

பம்புசெட்:
கடைசியாக ஒன்று. என் அக்கா மகள்கள் இரட்டைப் பிள்ளைகள், ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரே முகம். ஒருத்தி உடுமலையில், ஒருத்தி துபாயில். துபாய்க்காரிக்கு முடி கொத்துக் கொத்தாகப் போகிறது. உடுமலைக்காரிக்கு அப்படியே இருக்கிறது. ஒரே ஜீன்தானே? கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குளிப்பதால் வருவது இது.

விலங்கியல் டீச்சர்:
இருவருக்கும் சுருளா, நேரா?

பம்புசெட்:
இருவருக்கும் அலை அலையாக. அதில் வித்தியாசம் கிடையாது. சரி, வளைவு பரம்பரைக்கு என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன். அடர்த்தியைத் தரமாட்டேன்.

விலங்கியல் டீச்சர்:
துபாய்க்காரிக்குத் தைராய்டு, இரும்புச்சத்து பார்த்தார்களா? குழந்தை உண்டா?

பம்புசெட்:
கைக்குழந்தை. இப்போது அஞ்சு மாசம்.

விலங்கியல் டீச்சர்:
அண்ணே! பிரசவத்துக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் முடி கொட்டுவது ஊரறிந்த விஷயம். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திரும்ப வளர்ந்துவிடும். நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரை விட்டுவிடுங்கள்.

சுருட்டைத்தலை:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ஆச்சி வீட்டுப் பரணில் இருந்த பழைய குரூப் போட்டோவை எடுத்துப் பார்த்தோம். அம்மாவின் அப்பாவுக்கு அண்ணனுடைய நெற்றி, அப்படியே. அப்பாவின் சித்தப்பா ஒருவருக்கு என் தலை. அம்மா அந்தப் படத்தை ஹாலில் மாட்டச் சொல்லிவிட்டார், நிச்சயத்துக்கு அந்தப் பெரியம்மா வரும்போது நேர் எதிரே தெரிகிற மாதிரி.

அம்பத்தூர் அத்தை:
கொஞ்சம் பெரிதாக்கி மாட்டுங்கள்.

பம்புசெட்:
டீச்சர், அந்த துபாய்த் தண்ணீரில் நீங்கள் ஒரு தடவை தலைக்குக் குளித்துப் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.