ஐப்பசி வண்ணத்துப்பூச்சிகள்: நீங்கள் பார்த்தது எது, எப்படி அடையாளம் கண்டீர்கள்?

கோவையிலிருந்து:

ரெண்டு நாள் விடாமல் மழை பெய்துவிட்டு மூன்றாம் நாள் காலை சுள்ளென்று வெயில் அடிக்குமே, வருடத்தில் வண்ணத்துப்பூச்சி பார்க்க அதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரிந்து இல்லை. வீடு ஆனைகட்டி ரோட்டுப் பக்கம், மொட்டை மாடியில் நின்றால் மேற்கே மலை தெரியும். ஒன்பது மணி வாக்கில் வெயில் ஏறியதும் தென்னை மர உயரத்தில் ஒன்று போகும், பின்னால் இன்னொன்று, அப்புறம் நாலைந்தாக வர ஆரம்பித்துவிடும். எல்லாம் கிழக்கிலிருந்து மேற்கே. கீழே செடி நிறையப் பூ இருக்கிறது, எதுவும் நின்று பார்ப்பதுகூட இல்லை. மேகம் வந்து வெயிலை மறைத்தால் சட்டென்று போக்கு நின்றுவிடும், திரும்ப வெயில் வந்தால் திரும்ப ஆரம்பம்.

இது வலசை. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், சித்திரை வைகாசியில், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் கிழக்கு மலைகளுக்கும் இறங்குகிற கூட்டம், வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் ஐப்பசி கார்த்திகையில் எதிர்த்திசையில் மேற்கு மலைக்கு ஏறும். கூட்டத்தில் பெரும்பங்கு நாலே வகைதான்: நீல வரியன், கருநீல வரியன், காமன் குரோ என்கிற வெண்புள்ளிக் கருப்பன், அப்புறம் டபுள் பிராண்டட் குரோ.

பறக்கும்போதே "இது நீல வரியன், அது கருநீல வரியன்" என்று அடித்துச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தலைக்கு மேலே பறப்பதை நான் "வரியன்", "கருப்பன்" என்று இரண்டே கணக்காகத்தான் எழுதுவேன். ரெண்டு தென்னைக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக மனதில் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டை ஐந்து நிமிடத்தில் எத்தனை தாண்டுகிறது என்று எண்ணி, போனில் திசைகாட்டி பார்த்துத் திசையையும் குறித்துக்கொண்டால் போதும். வகை சொல்ல வேண்டுமானால் அது உட்கார வேண்டும். உட்கார்ந்தால் கோட்டின் அகலத்தைப் பாருங்கள். நீல வரியனுக்கு வெளிர்நீலக் கோடுகள் அகலமாக, வெளுத்து இருக்கும். கருநீல வரியனுக்குக் கோடு ஒல்லி, அதனால் மொத்தப் பூச்சியும் கருப்புத் தூக்கலாகத் தெரியும். கருப்பன்களில் சிக்கல் இன்னும் அதிகம், ஏனென்றால் அடையாளம் முன்சிறகின் மேல்பக்கத்தில் இருக்கிறது, அதுவும் ஆணுக்கு மட்டும்தான். கீழ் ஓரத்தையொட்டி ஒரு தழும்பு மாதிரிக் கோடு இருந்தால் காமன் குரோ, பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு இருந்தால் டபுள் பிராண்டட். இதுகளோ உட்கார்ந்ததும் சிறகை மூடிக்கொள்ளும். பொறுமையாக நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

கீழே இறக்குவதற்கு ஒரு வழி உண்டு. வாய்க்கால் ஓரத்தில் தேள்கொடுக்குச் செடி இருக்கும், அல்லது கிலுகிலுப்பை. அதில் ஒரு கிளையை ஒடித்து அப்படியே வாட விட்டுவிடுங்கள். பச்சைச் செடியைச் சீண்டாத பூச்சிகள் வாடின காம்புக்கு வரும். குனிந்து கிட்டத்தில் பார்த்தால் உறிஞ்சுகுழல் நுனியிலிருந்து ஒரு சொட்டு நீரைக் காய்ந்த தண்டில் விட்டு, அது ஊறினதும் அதையே திரும்ப உறிஞ்சும், நகர்ந்து அடுத்த இடத்தில் அதையே செய்யும். அந்த நேரத்தில் நம் நிழல் மேலே விழுந்தாலும் பறக்காது. வந்திருப்பவை பெரும்பாலும் ஆண்கள். அந்தச் செடியில் இருக்கிற ஆல்கலாய்டு என்கிற கசப்பு வேதிப்பொருளை எடுத்துத்தான் பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்கின்றன, பறவைக்குக் கசப்பதற்கும் அதுவே உதவுகிறது. ஆண் கருப்பன் சில சமயம் வயிற்று நுனியில் மஞ்சளாக ரெண்டு தூரிகையை விரித்துக்கொண்டு மெதுவாக வட்டமடிக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதுதான் வாசனை பரப்பும் கருவி.

உங்கள் ஊரில் என்ன தெரிகிறது, எழுதுங்கள்.

திருச்சியிலிருந்து:

சார், எங்கள் வீட்டில் வலசையெல்லாம் கிடையாது, கறிவேப்பிலை மரம் ஒன்று இருக்கிறது, அதுவே போதுமாக இருக்கிறது. மழைக்குப் பிறகு கொழுந்து விட்டதும் காமன் மோர்மன் என்கிற வண்ணத்துப்பூச்சி வந்துவிடும். இதன் ஆண் எப்போதும் ஒரே மாதிரிதான், கருப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணுக்கு மூன்று வேஷம். ஒன்று ஆண் மாதிரியே. இன்னொன்று காமன் ரோஸ் என்கிற வேறொரு வண்ணத்துப்பூச்சி மாதிரி, மூன்றாவது அதன் இனமான கிரிம்சன் ரோஸ் மாதிரி, சிவப்புத் திட்டும் வெள்ளைத் திட்டுமாக. ரோஸ் இரண்டும் புழுவாக இருக்கும்போது ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி வகைக் கொடிகளைத் தின்று விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் தொடுவதில்லை, மோர்மன் பெண் அந்தப் பெயரில் பிழைக்கிறது. சுத்தமான ஆள்மாறாட்டம்.

சிறகை வைத்துப் பிரிக்கப் போனால் குழம்பிப் போவீர்கள். உடம்பைப் பாருங்கள். ரோஸ் என்றால் தலையும் வயிறும் சிவப்பு. மோர்மன் என்றால் உடம்பு கருப்பு. அவ்வளவுதான், வேறு எதுவும் வேண்டாம். இன்னொன்று, பயந்தால் வேஷம் கலைந்துவிடும். ரோஸ் மாதிரி சாவகாசமாகப் பறந்துகொண்டிருந்த மோர்மன் பெண்ணின் பக்கத்தில் கையை ஆட்டினால் விர்ரென்று கிளம்பிவிடும். ரோஸ் அப்போதும் சாவகாசம்தான், அதற்கு என்ன பயம்.

திருச்சிப் பக்கம் வருகிறவர்கள் திருவரங்கம் மேலூரில் 2015ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருப்பதால் பூங்காவுக்கு வெளியே தோப்பு ஓரத்திலேயே பாதியைப் பார்த்துவிடலாம்.

சென்னையிலிருந்து:

அண்ணா, ஆள்மாறாட்டம் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது, எங்கள் பக்கத்து வேடிக்கை வெந்தய வரியன். ஆரஞ்சு நிறத்தில் எருக்கஞ்செடியைச் சுற்றுமே, பிளெய்ன் டைகர், அதுதான். அதை மாதிரியே இருக்கும் இன்னொன்று டனைட் எக்ஃபிளையின் பெண். பின்சிறகில் கருப்புப் புள்ளிகளை எண்ணினால் விஷயம் முடிந்தது. வெந்தய வரியனில் நடுவில் மூன்று புள்ளி, ஆணாக இருந்தால் நாலு. நாலாவது கொஞ்சம் தடித்து நடுவில் வெள்ளையாக இருக்கும். எக்ஃபிளையில் மேல் ஓரத்தையொட்டி ஒரே ஒரு புள்ளிதான். முட்டை வைக்கும் இடமும் காட்டிக்கொடுக்கும்: எருக்கில் வைத்தால் வரியன், தரையில் படர்ந்த பருப்புக்கீரையில் வைத்தால் எக்ஃபிளை. எக்ஃபிளை ஆண் இந்தச் சாயலே இல்லாமல் கன்னங்கரேலென்று, சிறகில் பெரிய வெள்ளைத் திட்டும் அதைச் சுற்றி ஊதாவுமாக இருக்கும். ரெண்டும் ஜோடி என்று சொன்னால் புதிதாகப் பார்க்கிறவர்கள் நம்புவதில்லை.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி மனையில் வெட்டுக்காயப் பூண்டும் பருப்புக்கீரையும் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது, இதெல்லாம் அங்கேதான். கொசு வருகிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் ஆள் வைத்துச் செதுக்கித் தள்ளிவிட்டார்கள். கொசு குறையவில்லை, அது தேங்கின தண்ணீரில் அல்லவா வருகிறது. எக்ஃபிளையை அப்புறம் காணோம். இப்போது சுவர் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் செதுக்காமல் விடச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குள் வந்து டியூப்லைட் பக்கம் முட்டுகிற பழுப்புப் பூச்சியை எல்லாரும் அந்துப்பூச்சி என்றுதான் விரட்டுகிறார்கள். பாதி நேரம் அது காமன் ஈவ்னிங் பிரவுன், வண்ணத்துப்பூச்சிதான். உணர்கொம்பின் நுனி குமிழாக இருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும். இதன் புழு நெல்லிலும் புல்லிலும் வளரும், அதனால் எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை.

இதை ஐப்பசியில் பார்ப்பதற்கும் மாசியில் பார்ப்பதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மழைக்காலத்தில் பிறந்தது என்றால் சிறகின் அடிப்பக்கத்தில் வரிசையாகக் கண் மாதிரி வளையங்கள் பளிச்சென்று இருக்கும். மழை முடிந்து காய்ந்த காலத்தில் வருவதற்கு அந்தக் கண்கள் சுருங்கிப் புள்ளியாகி, சிறகு நுனி கூர்மையாகி, அச்சு அசல் சருகுதான். புழுவாக இருக்கும்போது கிடைக்கும் வெப்பமும் ஈரமும் இதைத் தீர்மானிக்கிறது. பீகாக் பான்சியும் இப்படித்தான், மேலே எப்போதும் ஆரஞ்சும் மயில் கண்ணும், அடிப்பக்கம் காலத்துக்கு ஏற்ப மாறும். கார்த்திகை கடைசி, மார்கழியில் ரெண்டு வடிவமும் கலந்து கிடைக்கும். அந்தச் சமயத்தில் வயல் வரப்பில் நடந்தால் ஒரே பூச்சியின் ரெண்டு சட்டையையும் பார்க்கலாம். படம் போடும்போது தயவுசெய்து மாதத்தையும் போடுங்கள், மாதம் இல்லாத படத்தை வைத்து ஈவ்னிங் பிரவுன் விஷயத்தில் ஒன்றும் பேச முடியாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து:

கல்லாறு பக்கம் ஆற்றோர ஈர மணலில் வெயில் பட்டால் எமிகிரன்ட் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உப்புச் சத்தை உறிஞ்சும். அதற்கு நடுவில் சிவப்பும் மஞ்சளுமாக ஒன்று இறங்கினால் உடனே ஜெசபெல் வண்ணத்துப்பூச்சி என்று எழுதிவிடாதீர்கள். ஜெசபெல் மணலில் இறங்குவது அபூர்வம், அது மர உச்சியிலும் உண்ணிச்செடிப் பூவிலும் சுற்றுகிற ஆள். மணலில் இருப்பது பெரும்பாலும் அதே சாயலில் இருக்கும் பெயின்டட் சாடூத். பின்சிறகு ஓரத்துச் சிவப்புத் திட்டுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிப்பக்கமாகக் கூர்மையாக நீண்டிருந்தால் ஜெசபெல், சதுரமாக மழுங்கி இருந்தால் சாடூத். கிளப்பிவிட்டால் சாடூத் பறக்கிற வேகத்தில் ஜெசபெல் பறக்கவே பறக்காது.

மதுரையிலிருந்து:

புதிதாக ஆரம்பிக்கிறேன். பெரிய கேமரா இல்லை, போன்தான். வலை வாங்கலாமா? எங்கே போனால் நல்லது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கோவையிலிருந்து:

வலை வேண்டாம் தம்பி. பல வண்ணத்துப்பூச்சிகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன, எது இருக்கிறது எது இல்லை என்று தெரியாமல் பிடிக்கப்போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். போன் தாராளம். முதல் படம் தூரத்தில் நின்றே எடுத்துவிடு, மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் நிழல் மேலே விழாமல் பக்கவாட்டில் நகர்ந்து, மூடின சிறகின் அடிப்பக்கம் முழுசாகத் தெரிகிற மாதிரி ஒன்று. திறந்தால் மேல்பக்கம் ஒன்று. உட்கார்ந்திருந்த செடியின் இலையைத் தனியாக ஒரு படம், இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். படத்தை ஐநேச்சுரலிஸ்ட் என்கிற ஆப்பில் ஏற்றினால் அது ஒரு பெயர் சொல்லும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் திருச்சிக்காரர் சொன்ன மாதிரி உடம்பு நிறம், சென்னைத் தம்பி சொன்ன மாதிரி புள்ளிக் கணக்கு என்று நீயே ஒரு தடவை சரிபார்.

காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், ஆரம்பத்துக்கு அது தேவையும் இல்லை. மதுரையில் கண்மாய்க் கரை ஏதாவது ஒன்றில் எருக்கும் ஆவாரையும் இருக்கிற இடமாகப் பார்த்து, மழை விட்ட காலையில் எட்டரைக்கு மேல் போ. அதற்கு முன்னால் போனால் வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான், உடம்பு சூடாகாமல் அதுகள் பறக்காது. ஆவாரையில் எமிகிரன்ட் முட்டை வைக்கும், எருக்கில் வெந்தய வரியன் நிச்சயம். கிலுகிலுப்பை கண்ணில் பட்டால் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு இங்கே எழுது. கிழக்கேயிருந்து மேற்கே போகிற கூட்டத்தை மதுரைப் பக்கம் யாராவது எண்ணினால் எனக்கு ரொம்ப உதவியாக இருக்கும். தேதியும் நேரமும் திசையும் இருந்தால் போதும், வகை தெரியாவிட்டாலும் அனுப்பு.