சாட்ஸ்வொர்த் முயலுக்குத் துணை வேண்டும், யாராவது உதவுங்கள்

வணக்கம். டர்பன் பக்கம் முயல் வளர்க்கும் அண்ணன்மார், அக்காமாரிடம் ஓர் உதவி. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் 2 வயதுப் பெண் முயலுக்குக் கருப்பை எடுத்தாகிவிட்டது. துணைக்கு ஓர் ஆண் முயல் தேடுகிறோம். காயடித்து 6 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்குள் ஹார்மோன் அடங்காது, ஏறுவதும் விரட்டுவதுமாகச் சண்டை மூளும்.

மனிதரிடம் ஒட்டிக்கொண்ட முயலுக்கும் காதை நக்கிவிட, ஒட்டிப் படுக்க இன்னொரு முயல்தான் வேண்டும். கினிப் பன்றி சரிப்படாது, முயலின் ஓர் உதை போதும் அதற்கு எலும்பு முறிய.

வரும் ஆண் முயலை முதல் 14 நாள் தனி அறையில் வைப்போம். 2022 இறுதியில் இந்நாட்டின் கரூ வறண்ட பகுதியில் தெரியவந்த முயல் ரத்தக்கசிவு நோயை நினைத்தால் இதில் அவசரம் கூடாது. பிறகு இரண்டு கம்பி வேலி, நடுவே ஒரு சாண் இடைவெளி (இல்லாவிட்டால் மூக்கைக் கடித்துவிடும்). தினமும் ஒன்றின் மலத்தட்டை மற்றதன் பக்கம் மாற்றி வைத்து வாசனை பழக்குவோம்.

இன்னோர் உதவியும் வேண்டும்: இரண்டுமே கால் வைக்காத ஒரு காலி அறை, சனி ஞாயிறு மட்டும். பெண் முயல் தன் இடத்தில் அந்நியரை விடாது. இரண்டுக்கும் புதிதான அந்த அறையில் 10 நிமிடம், இரண்டு குவியல் டெஃப் புல்லோடு தொடங்கலாம். பின்னால் ஏறினால் பரவாயில்லை. தலைப்பக்கம் ஏறினால் உடனே இறக்க வேண்டும், கீழே உள்ளது மர்ம உறுப்பைக் கடித்துவிடும். காது பின்னுக்குப் படிந்து வால் தூக்கினால் கனத்த துண்டைப் போட்டுப் பிரிக்க வேண்டும்.

டிசம்பர் புழுக்கத்துக்கு முன் முடித்தால் நல்லது. ஆண் முயலோ அறையோ இருந்தால் சொல்லுங்கள்.