84 நாள் லீவு முடிந்த பிறகு, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்: எப்படிச் சமாளிப்பது?

வெள்ளவத்தை அம்மா:
கொழும்புக் கோட்டையில் தனியார் கந்தோர் வேலை. கிளினிக்கில் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்கிறார்கள், சட்டம் தரும் மகப்பேற்று லீவு 84 நாள். காலை 7.30 முதல் மாலை 5.30 வரை பிள்ளை அம்மம்மாவோடு. கந்தோரில் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் இல்லை. லீவை எப்படி எண்ணுவது, எவ்வளவு பால் எடுத்து வைப்பது?

சட்டம் தெரிந்தவர்:
முதலில் எந்தச் சட்டம் என்று பாருங்கோ. கடை, கந்தோர் ஊழியர் சட்டத்தில் 84 என்பது வேலை நாள்: பேறுக்கு முன் 14, பின் 70. வாராந்த விடுமுறை, போயா (பௌர்ணமி) விடுமுறை, சட்டபூர்வ விடுமுறை இதில் சேராது. ஆகவே கலண்டரில் 12 வாரத்தைத் தாண்டும். தொழிற்சாலைகளுக்கான மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் விடுமுறை நாளும் உள்ளடங்கி 12 வாரம்தான். எச்.ஆர். (ஆளணிப் பிரிவு) இரண்டையும் குழப்பினால் உங்களுக்குத்தான் நட்டம். 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாம் பிள்ளைக்கும் அதே 84 நாள். பழைய 42 நாள் கணக்கு இப்போது செல்லாது.

பலர் கேட்காமலே விடுவது பாலூட்டும் இடைவேளையை. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை நாளுக்கு இரண்டு தரம். பராமரிப்பு நிலையம் இருந்தால் அரை மணி நேரம், இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. சாப்பாட்டு இடைவேளைக்கு இது மேலதிகம். வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னரே நேரம், பூட்டக்கூடிய அறை, ஃப்ரிட்ஜில் ஓர் இடம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கோ. வாய்ப்பேச்சு மேலாளர் மாறினால் போய்விடும்.

பாலூட்டல் ஆலோசகர்:
இந்த வயதில் மணிக்கு 30–40 மி.லீ. என்று வைத்தால், 10 மணி நேரத்துக்கு 300–400 மி.லீ. ஒரு பொதியில் 60–90 மி.லீ. மட்டும் வையுங்கோ. பெரிய பொதியை உருக்கினால் மிச்சம் வீணாகும். வேலைக்குப் போக இரண்டு வாரம் இருக்கும்போதே, காலை முதல் பாலூட்டலுக்குப் பிறகு எடுக்கத் தொடங்கலாம்.

25 பாகை செல்சியஸில் 4 மணி நேரம் என்ற கணக்கு கொழும்பு வெக்கைக்குப் பொருந்தாது. எடுத்தவுடன் ஐஸ் பெட்டியில் வையுங்கோ. ஃப்ரிட்ஜில் 4 நாள், அதுவும் கதவில் அல்ல, உட்பக்கம். ஃப்ரீஸரில் 6 மாதம். உருகியதை ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேணும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. பிள்ளை குடித்த மிச்சம் 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சுடுதண்ணிக் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குங்கோ. மைக்ரோவேவில் சில இடம் மட்டும் கொதித்துப் பிள்ளையின் வாயைச் சுட்டுவிடும். அம்மம்மா சிறு கப்பால் கொடுக்கப் பழகட்டும்.

வெள்ளவத்தை அம்மா:
நன்றி. இரண்டு இடைவேளையையும் சேர்த்து 3.30க்கே வெளிக்கிடலாமா? காலி வீதி நெரிசலுக்கு அது வசதி.

பாலூட்டல் ஆலோசகர்:
வசதிதான், ஆனால் இந்த மாதங்களில் வேண்டாம். மார்பு நிறைந்தே இருந்தால் சுரப்பைக் குறை என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். சில வாரத்தில் பால் குறையும், கட்டியும் வரலாம். 10.30க்கும் 2 மணிக்கும் எடுங்கோ. சேர்ப்பதை பிள்ளை சாப்பிடத் தொடங்கியபின் பார்க்கலாம்.

சட்டம் தெரிந்தவர்:
கொள்கையிலும் ஒரு கோணல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. தனியார் துறையில் இந்த லீவுச் சம்பளம் முழுவதும் முதலாளியின் கையிலிருந்து போகிறது. இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குவதற்கு அதுவே காரணமாகிறது. சர்வதேச தொழில் அமைப்பின் 2000ஆம் ஆண்டு 183ஆவது சமவாயம் குறைந்தது 14 வாரம் என்கிறது, செலவைத் தனி முதலாளி மேல் சுமத்தாமல் சமூகக் காப்புறுதியிலிருந்து கொடுக்கச் சொல்கிறது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. தகப்பனுக்கு அரச வேலையில் 3 நாள், தனியாரில் சட்டப்படி ஒன்றுமில்லை. பால் எடுப்பவர் ஒருவர், கழுவிச் சூடாக்கிக் கொடுப்பவர் இன்னொருவர் என்று பிரிக்க வேண்டிய வேலை இது. சட்டமோ எல்லாவற்றையும் அம்மா தலையில் வைத்திருக்கிறது.

பாலூட்டும் இடைவேளையை மறுத்தால், நீங்கள் எழுத்தில் கேட்ட மின்னஞ்சலின் பிரதியோடு நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.