வெளிநாட்டில் குடியேறியவர்களே, ஏன் அந்த நாடு? கொங்குப் பக்கத்து அனுபவங்கள்

பெருந்துறைவாசி:

கல்யாணம், காதுகுத்து என்று எங்கே உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "அவங்க பையனும் கனடா போயிட்டானாமா?" என்று ஒருவர் கேட்பார். "காசுக்குத்தானுங்க எல்லாம்" என்று இன்னொருவர் முடித்துவிடுவார். பிராம்ப்டனில் மகள் வீட்டில் கொஞ்ச காலம் தங்கிவிட்டு வந்த பிறகு எனக்கு அந்தப் பதில் போதவில்லை. காசு மட்டும்தான் என்றால் துபாய் பக்கம்; அங்கே சம்பளத்துக்கு வருமான வரியும் இல்லை. கனடாவில் சம்பளத்தில் நல்ல பங்கு வரிக்குப் போகிறது, வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, ஜனவரியில் வாசலைத் தாண்டுவதே பெரும்பாடு. அப்படியும் குடும்பத்தோடு போய் அங்கேயே இருந்துவிடுகிறார்கள்.

மகள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் சாயங்காலம் பஞ்சாபிப் பெரியவர்கள் கூடுவார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவர்களோடு பழகினேன். ஜலந்தர் பக்கத்துக்காரர் ஒருவர்தான் கோமகட்டா மாரு கப்பலைப் பற்றிச் சொன்னார். 1914-ல் 376 பேரோடு வான்கூவர் துறைமுகத்துக்கு வந்த கப்பல் அது. பெரும்பாலும் சீக்கியர்கள். இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தி வைத்து, சிலரைத் தவிர மற்ற எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்கத்தா அருகே வந்து இறங்கியபோது துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தே போனார்கள்.

"அப்படிப்பட்ட நாட்டுக்கா வந்தீங்க?" என்று கேட்டேன். அவர் வருத்தப்படவில்லை. "எங்க அப்பா காலத்துல முகத்தைப் பார்த்தாங்க. என் காலத்துல மார்க்கைப் பார்த்தாங்க" என்றார்.

அவர் சொன்னது 1967-ல் வந்த மதிப்பெண் முறை. படிப்பு, வேலை, வயது, மொழி எல்லாவற்றுக்கும் மார்க் போட்டு, நூற்றுக்கு 50 எடுத்தால் எந்த இனம் என்று பார்க்காமல் அனுமதித்தார்கள். 1971-ல் பல பண்பாடுகளுக்கும் இடமுண்டு என்பதை அரசின் கொள்கையாக அறிவித்து, 1988-ல் அதைச் சட்டமாக்கினார்கள். 2016-ல் அந்தக் கப்பலுக்காகப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

உள்ளே வர என்ன தகுதி வேண்டும், வந்தவர் எப்போது அந்த நாட்டுக்காரர் ஆவார், இரண்டும் அங்கே எழுத்தில் இருக்கிறது. ஆளை இழுப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது. போனவர்கள், போய்த் திரும்பியவர்கள், வந்தவர்களோடு பழகியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கணபதி டூல்ரூம்:

அண்ணா சொல்வது சரி. நான் இரண்டையும் பார்த்தவன். கோவை கணபதியில் பட்டறையில் தொழில் கற்று, ஷார்ஜாவில் பல வருஷம் வேலை பார்த்தேன். சம்பளத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்களோடு இருந்த ஒரு மலையாளிப் பெரியவர், வாழ்நாளில் பாதிக்கு மேல் அங்கேயே கழித்தவர், வேலை முடிந்ததும் விசா ரத்தாகி ஒரு மாதத்துக்குள் மூட்டை கட்டினார். அவர் பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள், அவர்களுக்கும் அது சொந்த ஊர் இல்லை. விமான நிலையத்தில் அவரை வழியனுப்பிவிட்டு வந்த ராத்திரிதான் கனடாவுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்தேன்.

இப்போது விண்ட்சரில் இருக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட். கார் கம்பெனிகளுக்கு டை, மோல்டு செய்கிற பட்டறைகள் நிறைய இருப்பதால் நம்ம பீளமேடு, கணபதி ஆட்களுக்குக் கை பழகிய வேலைதான். முதல் ஆறு மாதம் "கனடா அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்டே பல இடங்களில் அனுப்பிவிட்டார்கள். அது உண்மையான வலி, யாரும் மறைக்கக் கூடாது. கடைசியில் சின்னப் பட்டறை ஒன்றில் இத்தாலிக்கார ஃபோர்மேன் ஒருவர் என் சர்டிபிகேட்டைப் புரட்டக்கூட இல்லை. ஒரு டிராயிங்கைக் கையில் கொடுத்து, மெஷினைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். செய்து கொடுத்ததை மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு "திங்கட்கிழமை வா" என்றார்.

அப்புறம் பழகிய பிறகு, உங்கள் குடும்பம் ஏன் இங்கே வந்தது என்று அவரிடம் கேட்டேன். அப்பாவின் அண்ணன் முன்னாலேயே வந்திருந்தாராம், அவ்வளவுதான் காரணம். அப்பாவுக்குக் கடைசி வரை இங்கிலீஷ் சரியாக வரவில்லை, மகன் ஃபோர்மேன், பேத்தி வக்கீல். இதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

குடியுரிமைக்கு, விண்ணப்பிக்கும் முன் உள்ள ஐந்து வருஷத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். கணக்கு அவ்வளவு தெளிவு. ஆனால் நம்ம ஊர்க்காரர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை வாங்கினால், பரம்பரைத் தோட்டம் வாரிசாக வரலாம், புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. எங்கள் அப்பாவுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. "காடு வாங்க முடியாதுன்னா அப்புறம் என்னடா நீ நம்மூர்க்காரன்?" என்றார். அவரைச் சமாதானப்படுத்த இன்னும் என்னால் முடியவில்லை.

ராசிபுரம் அம்மா:

எங்களுக்குக் காரணம் பையனின் படிப்பு. நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடங்கள் எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். மூத்தவன் விடியற்காலை ஸ்டடியில் ஆரம்பித்து ராத்திரி ஸ்டடியில் முடித்து, ப்ளஸ் டூவில் நல்ல மார்க்கும் எடுத்தான், சிரிப்பை மறந்துவிட்டான். சின்னவனை அப்படி விட மனசு வரவில்லை. ஒன்டாரியோவில் வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளிதான், பன்னிரண்டாம் வகுப்பு வரை ஃபீஸ் கிடையாது. டாக்டர் மகனும் டிரைவர் மகனும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள்.

அந்தியூர் நர்ஸ்:

நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் வீடு ஊருக்குள் இல்லை, காலனியில். அப்பா தோட்டத்து வேலைக்குப் போனவர். சாளை (தோட்டத்து வீடு) வாசலில் நின்றபடி தனி டம்ளரில் டீ குடித்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நர்சிங் முடித்து ஈரோட்டில் வேலை பார்த்தபோதும், புதிதாக அறிமுகமாகிறவர்கள் இரண்டாவது கேள்வியாகக் கேட்பது "எந்தப் பக்கமுங்க, என்ன ஆளுங்க?" என்பதுதான். நல்லவர்கள்தான் கேட்பார்கள். பதில் சொன்னதும் முகத்தில் வரும் சின்ன மாற்றம் எனக்கு மனப்பாடம்.

டொராண்டோவில் நர்ஸ் லைசென்ஸ் கிடைக்கும் வரை முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்த்தேன். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது. ஸ்கார்பரோ பகுதியில் யாழ்ப்பாணத்து ஆட்கள் அதிகம், அந்த இல்லத்திலும் இருந்தார்கள். ஒரு அம்மா, ஆங்கிலம் ஒரு சொல்லும் வராது, என் தமிழைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் இந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "பிள்ளை, நாங்கள் நாடு பார்த்து வரேல்லை. கதவு திறந்திருந்த இடத்துக்கு வந்தனாங்கள்" என்றார்.

1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் அவர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தவித்த 155 ஈழத்தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதே நாடு 2010-ல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரை மாதக்கணக்கில் சிறையில் வைத்தது என்பதையும் அவரே சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். இன்று அங்கே ஜனவரி தமிழ் மரபுத் திங்கள்; 2016-ல் நாடாளுமன்றத்தில் தீர்மானமே போட்டார்கள். பொங்கல் அன்று அந்த இல்லத்தில் வெள்ளைக்கார மேனேஜர் சர்க்கரைப் பொங்கல் பரிமாறினார்.

சாதி அங்கே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு தமிழ்க் குடும்ப விழாவில், ஊர் பெயரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, மெல்ல என்னைத் தோண்டிய ஒரு அக்காவைப் பார்த்தேன். விமானத்தில் நம்மோடு அதுவும் ஏறி வந்திருக்கிறது. ஆனால் 2023-ல் டொராண்டோ பள்ளி வாரியம் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு தீர்மானம் போட்டது. அதே வருஷம் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையமும் அது சட்டப்படி தவறு என்று அறிவித்தது. இந்தியாவிலும் 1989-லிருந்து கடுமையான சட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. நான் சொல்வது தினசரி வாழ்க்கையை. என் வார்டில் பிலிப்பைன்ஸ், ஜமைக்கா, கேரளா, யுக்ரேன் நர்சுகள் ஒரே மேசையில் டிபன் திறக்கிறோம். யாருக்கும் என் தெரு தேவையில்லை. எனக்கு அது சம்பளத்தைவிடப் பெரியது.

நொய்யல்:

நான் வெளிநாடு போனதில்லை. ஆனால் எங்கள் திருப்பூருக்கே ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், அதையும் இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்கள் லைன் வீட்டில் ஒடிசாக் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. அவர் பனியன் கம்பெனியில் டைலர், அந்தப் பெண் செக்கிங். 2023 மார்ச்சில், வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, ஊருக்குக் கிளம்பியவர்களால் ரயில்வே ஸ்டேஷனில் ஒரே கூட்டம். இவர்கள் கிளம்பவில்லை. பயமில்லையா என்று கேட்டேன். "பயம்தான் அண்ணா. பொண்ணு இங்க ஸ்கூல்ல படிக்குது. காலைல சாப்பாடும் போடறாங்க. எங்க போறது?" என்றார், அதுவும் தமிழில். அந்தக் குழந்தை எங்கள் வீட்டில் வந்து தமிழ்ப் பாடம் சத்தமாகப் படிக்கும்.

அங்கே நம்ம பிள்ளைகளை நன்றாக நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், இவர்களுக்கு வீடு கொடுக்கும்போது வாடகையை ஏற்றிச் சொல்கிறோம். நான் பார்த்த வரை எங்கள் தெருவில் பாதிப்பேர் அப்படித்தான். இது எனக்குப் பொறுக்கவில்லை.

பெருந்துறைவாசி:

நொய்யல் சொன்னதை எங்கள் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். நர்ஸ் அம்மணிக்கு என் வணக்கம்.

இப்போது பிள்ளையை அனுப்ப நிலத்தை விற்க நினைப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கதவு முன்புபோல் அகலமாக இல்லை. 2024-லிருந்து மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். செலவுக்குக் காட்ட வேண்டிய பணத்தை அதே 2024-ல் 10,000 டாலரிலிருந்து 20,635 ஆக்கினார்கள். 2025-க்கு நிரந்தரக் குடியேற்ற இலக்கையும் 5 லட்சத்திலிருந்து 3,95,000-க்குக் குறைத்தார்கள். "படிக்கப் போனா பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) நிச்சயம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விதிகள் எல்லாம் அரசாங்க இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன.

ராசிபுரம் அம்மா:

அண்ணா, எங்க அமுச்சியை (அம்மாவின் அம்மா) கூட்டி வந்து கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா? அம்மா அப்பாவுக்கு மட்டும்தான் என்கிறார்கள்.

பெருந்துறைவாசி:

சூப்பர் விசா தாத்தா பாட்டிக்கும் உண்டு, கண்ணு. நானும் அதில்தான் போனேன். ஒருமுறை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். கூப்பிடுகிற பேரன் பேத்திக்குக் குறிப்பிட்ட வருமானம் இருக்க வேண்டும், குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். வயதானவர்களுக்கு பிரீமியம் அதிகம், இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து எடுங்கள். அக்டோபருக்குள் கூட்டிப் போய்விட்டால் குளிருக்குப் பழகச் சிரமம் குறையும்.