எல் அலமைன் 25 பவுண்டருக்கு என்ன நிறம்?

பசைவிரல்:
டாமியா நிறுவனத்தின் 1/35 அளவு மாடல்களான 25 பவுண்டர் என்ற பிரிட்டிஷ் பீரங்கியையும், அதை இழுக்கும் குவாட் வண்டியையும் ஒட்டி முடித்துவிட்டேன். காட்சி, 1942 அக்டோபர், எகிப்தின் எல் அலமைன் போர்க்களம். பீரங்கி சுடும் நிலையில் நிற்கும். சாய்வுப் பட்டைகளாக வரும் அந்த மூன்று நிறக் கோலத்தை அடிக்கலாமா?

பழைய தூரிகை:
அது கான்டர் கோலம், பிரிட்டிஷ் படையின் பாலைவன உருமறைப்பு. 1941 கடைசியிலேயே கைவிட்டுவிட்டார்கள். அலமைனுக்கு இளஞ்சிவப்பு கலந்த மணல் நிறம் அடியுங்கள். கோலம்தான் வேண்டுமென்றால் ஆண்டை மாற்றிவிடுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்!

அப்புறம், பீரங்கியின் பின்னால் நீளும் வாலுக்கு அடியில் தொங்கும் வட்டத் தட்டைத் தரையில் இறக்கி, சக்கரங்களை அதன்மேல் ஏற்றுங்கள். அதன்மேல் நின்றால்தான் ஒரே ஆள் பீரங்கியைச் சுற்றித் திருப்ப முடியும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

தூசி:
துருவை அள்ளிப் பூசாதீர்கள், அது பாலைவனம். பளபள வார்னிஷ் காய்ந்ததும், டர்பன்டைனில் கரைத்த பழுப்பு ஆயில் பெயின்ட்டை ஆணித்தலைகளைச் சுற்றி மட்டும் விடுங்கள். குவாட்டின் கதவோரங்களில் பழைய பச்சை கொஞ்சம் எட்டிப்பார்க்கட்டும்.

பசைவிரல்:
சரி, காட்சியை 1941, லிபியாவின் டோப்ருக் ஆக்கிவிடுகிறேன். கோலத்தை விட மனசில்லை. பட்டை ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் போதுமா?

பழைய தூரிகை:
போதும். ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்க வேண்டும்.