மறு: ரீமக்ஸ் என்பதற்கு ‘கலமாற்றம்’ சரிவருமா?

வணக்கம். சுருக்கிய படத்தையும் ஒலியையும் தொடாமல், காணொளிக் கோப்பின் வடிவத்தை மட்டும் மாற்றுவதை ஆங்கிலத்தில் ‘ரீமக்ஸ்’ என்கிறார்கள். அதற்கான தமிழ்ச் சொல் பற்றி நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> மல்டிபிளெக்ஸ் என்றால் பன்மையாக்கம். ஆகவே ரீமக்ஸ் = மீள்பன்மையாக்கம்.

வேர்ச்சொல்லைப் பார்த்தால் சரிதான். ஆனால் இந்தச் சொல் யாருக்கு, எந்த நேரத்தில் தேவைப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

போன மாதம் இரண்டு மணி நேர வகுப்பு ஒன்றை ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் திரைப்பதிவு செய்தேன். முதல் நான்கு நிமிடம் ‘குரல் கேட்கிறதா, திரை தெரிகிறதா’ என்றே போயிருந்தது. அதை மட்டும் வெட்ட வேண்டும். படத்தொகுப்பு மென்பொருளில் போட்டு ‘ஏற்றுமதி’ கொடுத்தேன். மடிக்கணினி விசிறி இரைந்துகொண்டே இருக்க, வகுப்பு நடந்த நேரத்தைவிட அதிக நேரம் ஓடியது. அப்புறம் அதே கோப்பை எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளிக் கருவியில் ‘காப்பி’ என்ற விருப்பத்தோடு வெட்டினேன். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

முதல் வழியில் கணினி என்ன செய்தது? நொடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) என்றால் இரண்டு மணி நேரத்துக்கு 2,16,000 சட்டகங்கள். ஒவ்வொன்றையும் விரித்து, மறுபடி சுருக்கியது. அரைத்த மாவையே அரைப்பது என்பார்களே, அதேதான். போதாததற்குத் தரமும் கொஞ்சம் குறைகிறது. இரண்டாவது வழியில் சுருக்கிய படத்தையும் ஒலியையும் தொடவே இல்லை. எம்கேவி என்ற பாத்திரத்திலிருந்து (அதாவது கோப்பு வடிவத்திலிருந்து) எடுத்து எம்பி4 என்ற பாத்திரத்தில் வைத்ததோடு சரி.

இரண்டையும் ‘ஏற்றுமதி’ என்ற ஒரே சொல்லால் சொல்வதால்தான் பலர் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். முதலாவதற்கு ‘மறுகுறியாக்கம்’ போதும். இரண்டாவதற்குக் ‘கலமாற்றம்’ என்று முன்மொழிகிறேன். இடமாற்றம், நிறமாற்றம் போல வாயில் தானாக வருகிறது. பொத்தானில் ‘கலமாற்று’ என்று போடலாம். ‘முதலில் கலமாற்றிப் பார், சரிவராவிட்டால் மறுகுறியாக்கு’ என்று மாணவரிடம் சொல்லலாம். இந்த இடத்தில் மீள்பன்மையாக்கத்தை வைத்துச் சொல்லிப் பாருங்கள், தடை தெரியும்.

> ‘உறைமாற்றம்’ என்று வைத்துக்கொண்டால் என்ன?

இதுவும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் காணொளி அப்படியே நின்றுவிட்டால் ‘உறைந்துவிட்டது’ என்கிறோம். அதே துறையில் இரண்டு ‘உறை’ வேண்டாம். ‘கொள்கலன் மாற்றம்’ என்றால் டாக்கர் (மென்பொருளைக் ‘கன்டெய்னரில்’ அடைத்து இயக்கும் கருவி) வேலை செய்கிறவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்கள். மின்கலம், விண்கலம் எல்லாம் இருந்தாலும், தனியாகக் ‘கலம்’ என்றால் பாத்திரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஓபிஎஸ்ஸின் ‘ஃபைல்’ பட்டியலிலேயே ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ இருக்கிறது. எம்பி4 கோப்பின் சுட்டுத்தகவல் (எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) வழக்கமாகப் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் கோப்பே திறக்காமல் போகலாம். எம்கேவியில் அதுவரை பதிந்தது பிழைக்கும். அதனால் எம்கேவியில் பதிந்து, பிறகு கலமாற்றுவதே நல்ல பழக்கம். அந்தப் பட்டியலைத் தமிழாக்கும் அன்று இந்தச் சொல் நமக்கு வேண்டும்.

ஒரு குறையையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். மறுகுறியாக்காமல் வெட்டினால் நினைத்த நொடியில் துல்லியமாக வெட்ட முடியாது. கீஃப்ரேம் என்ற, முழுப்படமும் அடங்கிய சட்டகம் இருக்கும் இடத்திலிருந்துதான் தொடங்கலாம். எக்ஸ்264 என்ற குறியாக்க மென்பொருள் இயல்பாக அதிகபட்சம் 250 சட்டகத்துக்கு ஒன்று வைக்கிறது, அதாவது 30 சட்டக வேகத்தில் எட்டு நொடிக்கு மேல் இடைவெளி வரலாம். எனக்கும் ‘திரை தெரிகிறதா’வின் வால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. பதியும்போதே இடைவெளியை 2 நொடி என்று வைத்தால் கோப்பு கொஞ்சம் பெரிதாகும், வெட்டு நெருங்கி வரும்.

கீஃப்ரேமுக்குத் ‘திறவுச்சட்டகம்’ வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. அதில் முழுப்படம் இருக்கிறது, மற்றவற்றில் மாறிய பகுதிதான் இருக்கிறது. ‘முழுச்சட்டகம்’ என்றால் விளக்கமே வேண்டியதில்லை. இதைத் தனி இழையாகத் தொடங்கட்டுமா?

அகராதிக்கான வரைவு:

கலமாற்றம் (பெ.): சுருக்கிய படத்தையும் ஒலியையும் மறுகுறியாக்காமல், ஒரு கோப்பு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே மாற்றி வைத்தல்.

திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.